மேசைக்கு அடியில் ஒரு மிதி

போன மாதம் சங்கத்தின் ஹட்டன் காரியாலயத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் பேசியது. புதிதாகச் சேர்ந்திருக்கும் மாவட்டப் பிரதிநிதிகளுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். “ஐயா, மொட்டைமலைத் தோட்டத்துல நீங்க ஜெயிச்சீங்களே, அந்தப் பதினெட்டுக் கிலோ பேச்சுவார்த்தை, அதப் பத்தி எழுதிக் குடுங்க. என்னா பேசுனீங்க, என்னா ஆதாரம் காட்டுனீங்க, எல்லாம் வெவரமா வேணும்” என்றது.

‘ஜெயிச்சீங்களே’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயா இருமுறீங்களா?” என்று கேட்டது பிள்ளை. “ஆமாம்மா, டிக்கோயாவுல பனி கொஞ்சம் கூட” என்றேன்.

ஓய்வு பெற்று ஒன்றரை வருஷமாகிறது. என் முழங்கால்கள் இரண்டும் அதற்கு முன்பே என்னிடம் சொல்லாமல் ஓய்வு வாங்கிவிட்டன. சம்பளப் போராட்டம் மட்டும் இன்னும் வாங்கவில்லை. தொகை மாறுகிறது, பேச்சு மாறவில்லை. நான் சங்கத்தில் சேர்ந்தபோது நாள் சம்பளமாகக் கேட்ட தொகையை இன்று சொன்னால் சிரிப்பார்கள். அன்று கேட்டபோதும் சிரிக்கத்தான் செய்தார்கள். காலையில் வானொலியில் ‘சம்பளப் பேச்சுவார்த்தை’ என்று தொடங்கினால் என் மனைவி எழுந்து போய் அதை நிறுத்திவிடுவாள். “ஒங்களுக்கு ரெத்தக் கொதிப்பு ஏறுறதுக்கு நான் மாத்திர வாங்க முடியாது” என்பாள்.

பிள்ளை கேட்டதால் எழுதுகிறேன். ஆனால் அது கேட்ட கதையை அல்ல, நடந்ததை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்புறம் கடையில் பருப்பும் கருவாடும் சுற்றித் தந்த காகிதங்கள்தான் என் பள்ளிக்கூடம். தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் ஆறு வருஷம் வேலை செய்தேன். மனு எழுதத் தெரியும் என்று தோட்டக் கமிட்டிச் செயலாளராக்கினார்கள். வாய் ஓயாது என்று பிறகு மாவட்டப் பிரதிநிதியாக்கினார்கள். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்கள் பேச்சுவாக்கில் சொல்லும் நல்ல வார்த்தைகளைச் சின்னக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்துக்கொள்வேன். பஸ்ஸில், மலையில், மரணவீட்டில், எங்கே கேட்டாலும் எழுதிவிடுவேன். அதை எங்காவது திருப்பிச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்தப் பழக்கத்தை இங்கே வீணாகச் சொல்லவில்லை.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சந்தனம் ஐயா. கறுத்து மெலிந்த மனிதர். சட்டைக் காலருக்குள் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இரண்டு பேனா கொண்டுபோவார். ஒன்றில் மை இருக்கும், மற்றதில் இருக்காது. தோட்டத்தை நடத்தும் துரை தன் நஷ்டத்தையும் உலகச் சந்தையையும் பற்றிப் பேசும்போதெல்லாம் மை இல்லாத பேனாவால் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பார். துரைக்கும் உற்சாகம் வந்து பேசிக்கொண்டே போவார். எங்கேயாவது ஓரிடத்தில் வாய் தவறி, “சரி, அதைச் செய்யலாம்” என்று வந்துவிட்டால், ஐயா சத்தமில்லாமல் பேனாவை மாற்றுவார். தேதியும் நேரமும் போட்டு, அந்த ஒரு வரியை மட்டும் எழுதி, “தொரை, இங்க ஒரு கையெழுத்து” என்று நீட்டுவார்.

கடிதம் மூன்று பிரதி. சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, எங்கள் கோப்புக்கு ஒன்று. தந்த தேநீரைக் குடிக்கலாம், பிஸ்கட்டைத் தொடக்கூடாது. “பிஸ்கட்டு வாயில இருக்கும்போது ‘முடியாது’ன்னு சொல்ல வராதுடா” என்பார். என்னோடு வந்த முதல் நாளே படியிறங்கும்போது தோளைப் பிடித்து நிறுத்தினார். “நீ நல்லாப் பேசுற. அதுதான் பயமா இருக்கு. மேசையில நம்ம கஷ்டத்தச் சொல்லு. அத எப்புடிச் சமாளிக்கிறோம்னு சொல்லாத.”

அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி.

வெளியாட்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு நாள் சம்பளத்தைப் ‘பேர்’ என்போம். அன்றைக்குக் குறித்த கிலோ கொழுந்தைப் பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். காலை முழுக்க, மாலை முழுக்க மலையில் நின்றிருந்தாலும் தராசு முள் இரண்டு கிலோ பின்வாங்கினால் பாதி நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. ஆகவே சம்பளம் எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். எத்தனை கிலோவுக்கு என்பது மீதிக் கேள்வி.

நாங்கள் பல வருஷமாக முதல் பாதியை மட்டுமே கத்திக்கொண்டிருந்தோம். நாளுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டு, ‘ஆயிரம், ஆயிரம்’ என்று தொண்டை வறளக் கத்தினோம். கறுப்புத் துணி கட்டினோம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்தோம், ஹட்டன் வீதியில் நனைந்தோம். “ஆயிரம்னு கத்திக் கத்தி வாய் கிழிஞ்சிருச்சு தலைவரே, தைக்கவே இன்னோர் ஆயிரம் வேணும்” என்றாள் ஒருத்தி நோர்வூட்டில். கொழும்பில் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, “பொறந்தநாள் கேக்குக்கு முன்னால கத்தியப் புடிச்சிக்கிட்டுப் போட்டோவுக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறாங்க, வெட்ட மாட்டேங்கிறாங்க” என்றார் பூண்டுலோயாக் கிழவர் ஒருவர். இரண்டும் கொப்பியில் இருக்கின்றன. கடைசியில் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் வந்தது. பட்டாசு போட்டோம். சந்தனம் ஐயா அதைப் பார்க்க இல்லை. அவர் போய் நாலு வருஷமாகியிருந்தது.

பட்டாசுக் காகிதம் மழையில் கரைவதற்குள் மொட்டைமலையில் அறிவித்தல் ஒட்டினார்கள். ஆயிரம் தருகிறோம், ஆனால் பதினெட்டுக் கிலோ இனி இருபத்திரண்டு. மொட்டைமலை என்பது ஆட்கள் வைத்த பெயர். சரியான பெயர் இங்கே வேண்டாம்.

அந்தத் தோட்டத்தில் எங்கள் மாதர் தலைவி அழகம்மா. அப்போது ஐம்பத்தேழு வயது. வாய் மட்டும் இருபத்தேழு. வலது தோள் மழைக்காலத்தில் தூக்க வராது. கூடையின் கயிறு முப்பத்தைந்து வருஷம் அழுத்திய நெற்றியில் முடி முளைக்காத ஒரு தடம். புருஷன் இல்லை. ஒரே மகள் ஆசிரியர் கல்லூரியில் இருந்தாள், படிப்பு முடிய இரண்டு வருஷம். அழகம்மாவின் கணக்கு ரொம்பத் தெளிவானது. “புள்ள படிச்சு வெளிய வார வரைக்கும் எனக்கு முழுப் பேர் ஓடணும்ணே. அரைப் பேர்ல அவ பாதி டீச்சராத்தான் வருவா.”

ஆனால் அழகம்மாவால் தனியாகப் பதினெட்டுக் கிலோ பறிக்க முடியாது. நல்ல நாளில் பதினான்கு, அவ்வளவுதான். அப்படியிருந்தும் மூன்று வருஷமாக அவளுக்கு ஒரு அரைப் பேர் விழுந்ததில்லை. காரணம், ‘பிடி.’

கொழுந்து மடுவத்துக்கு, அதாவது நிறுக்கும் கொட்டகைக்கு, இறங்குகிற பாதையில் ஒரு வளைவு. அங்கே ஒரு கொய்யா மரம். மடுவத்திலிருந்து பார்த்தால் அந்த வளைவு தெரியாது. கூடையோடு வரிசையாக இறங்கும் பெண்கள் அந்த இடத்தில் நடையைத் தளர்த்துவார்கள். கிலோ மிச்சமுள்ளவள் தன் சாக்கிலிருந்து ஒரு பிடி, இரண்டு பிடி அள்ளிப் பக்கத்தில் போகிறவளின் கூடையில் போடுவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். முதுகில் உட்கார்ந்த பூச்சியைத் தட்டிவிடுவது மாதிரி போட்டுவிட்டு நடப்பாள். முதலில் வயிற்றுப் பிள்ளைக்காரி, அடுத்தது காய்ச்சல்காரி, அப்புறம் தோள் போனவள், கடைசியாக, புதிதாகக் கல்யாணமாகி வந்து கொழுந்து பழகாதவள். வாங்கியவள் நன்றி சொல்லக்கூடாது. சொன்னால், “ஆமா, கடன் குடுத்தோமாக்கும்” என்று ஒரு வெட்டு வெட்டுவார்கள். யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. மலையில் மேற்பார்வை பார்க்கும் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அவரும் அந்த நேரத்தில் வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார்.

நான் ஒரு தடவை தற்செயலாகப் பார்த்தேன். கொப்பியில் மூன்று பக்கம் எழுதினேன்.

பேச்சுவார்த்தை ஒரு வியாழக்கிழமை, தோட்டக் காரியாலயத்தில். அந்தப் பக்கம் பெரிய துரை, சின்னத்துரை, பெரிய கிளாக்கர். இந்தப் பக்கம் நான், தோட்டத் தலைவர் ராசு, மாதர் தலைவி அழகம்மா. பெரிய துரை சிங்களவர், நல்ல மனிதர் என்று பெயர். தமிழைக் கஷ்டப்பட்டு அழகாகப் பேசுவார். கோபப்படுகிற துரையிடம் எனக்குப் பயமில்லை. கோபத்துக்கு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும். காதுகொடுத்துக் கேட்கிறவரிடம்தான் நான் தோற்பேன்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. செடிக்கு வயதாகிவிட்டது, உரம் போடவில்லை, புல் வெட்டவில்லை, இந்த மலையில் இருபத்திரண்டு கிலோ எங்கிருந்து வரும் என்று கேட்டேன். நிறுவைச் சீட்டுகளைக் காட்டினேன். துரை, “நல்லாப் பறிக்கிற ஆட்கள் இருபத்தஞ்சு, முப்பதும் பறிக்கிறாங்கதானே தலைவர்?” என்றார். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்றை எடுத்தேன்.

“தொரை, அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாது” என்று தொடங்கினேன். “பதினெட்டே முடியாமத்தான் இவங்க ஆளுக்கு ஆள் பிடி போட்டு ஓட்டுறாங்க.”

என் காலை யாரோ மிதித்தார்கள். அழகம்மா. சரி, நன்றாகப் பேசு என்று ஊக்கம் தருகிறாள் என்று நினைத்தேன்.

“பிடியா? அது என்ன?” என்றார் துரை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

சொன்னேன். கொய்யா மரத்தைச் சொன்னேன். வளைவைச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக்காரி முதலில், தோள் போனவள் மூன்றாவது என்று வரிசை தப்பாமல் சொன்னேன். நன்றி சொல்லக்கூடாது என்பதையும் சொன்னேன். மறுபடியும் மிதி. இந்தத் தடவை செருப்போடு. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டு தொடர்ந்தேன். இதைக் கேட்டால் கல்லும் கரையும், இந்த மனிதர் கரையமாட்டாரா என்ற நினைப்பு. உண்மையைச் சொன்னால் அதுகூட இல்லை. நல்ல கதை ஒன்றைக் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம்.

துரை கரையத்தான் செய்தார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் சரி சொன்னார். “பதினெட்டே இருக்கட்டும் தலைவர். எழுதுங்க.” கையெழுத்தும் போட்டார்.

ராசு வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். “தலைவரே, கலக்கிட்டீங்க!” அழகம்மா முன்னால் நடந்தாள். படிக்கட்டு முடிந்ததும் திரும்பினாள்.

“ஏண்ணே, எத்தன மிதி மிதிச்சேன்? ஒங்க கால் என்னா மரக்கட்டையா?”

“என்னா அழகம்மா, ஜெயிச்சிட்டோமே!”

“ஒங்களுக்குப் பதினெட்டு ஜெயிச்சிருச்சு” என்றாள். “எனக்கு நாலு போயிருச்சு.”

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் அறிவித்தல் வாசித்தார்கள். ஒப்புக்கொண்டபடி பதினெட்டுக் கிலோ. அவரவர் பறித்த கொழுந்தை அவரவரே நிறுக்க வேண்டும். ஒருவர் கொழுந்தை இன்னொருவர் கூடையில் போட்டால் இரண்டு பேருக்கும் அன்றைய பேர் இல்லை. சின்னத்துரை நல்ல மனதோடுதான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாராம்: “உங்க தலைவர்தான் எங்களுக்கு இதச் சொன்னாரு.” அன்று பிற்பகல் கொய்யா மரத்தடியில் ஒரு நாற்காலி வந்தது. அதில் ஒரு ஆளும் வந்தார்.

சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். துண்டுப்பிரசுரத்தில் என் படம். அதே கிழமையில் அழகம்மாவுக்கு ஆறு நாளும் அரைப் பேர்.

அப்புறம் நான் எழுதாத கடிதமில்லை. மூன்று பிரதி, மூன்று பிரதியாக எழுதினேன். எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது? கொழுந்தை மாற்றிப் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது? யாரும் எழுதி வைக்காத வரைக்கும்தான் அது உயிரோடு இருந்தது. தொழிற்சங்கத்து மேலிடத்தில், “ஜெயிச்ச தோட்டத்த ஏன்பா திரும்பக் கிண்டுற?” என்று கேட்டார்கள். துரையிடம் தனியாகப் போனேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். “எனக்குத் தெரியாம இருந்தா நான் பார்க்காம இருந்திருப்பேன் தலைவர். இப்ப கம்பனிக்கு நான் தெரியும்னுதானே சொல்லணும்” என்றார். அவர் சொன்னதில் பிழை காண எனக்கு வழியில்லை.

மொட்டைமலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. போனால் பெண்கள் மரியாதையாக வணக்கம் சொல்வார்கள். முன்பெல்லாம், “வாங்க தலைவரே, கொப்பிய எடுங்க, ஒன்னு சொல்றேன்” என்று கூப்பிட்டவர்கள், வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வருஷத்துக் கொப்பியில் பின்பாதி வெள்ளையாக இருக்கிறது.

ஏழெட்டு மாதம் கழித்து அழகம்மாவுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சங்கத்தின் கல்வி உதவிக்கு அவள் மகளின் பெயரை எழுதியிருந்தேன், கிடைக்கவில்லை. அதைத் தொலைபேசியில் சொல்ல மனம் வராமல் மலைக்கே ஏறினேன். எந்த மலை, எந்த நேரம் என்று எழுதப் போவதில்லை.

நான் போனபோது ஏழெட்டுப் பெண்கள் ஓரிடத்தில் நெருக்கமாக நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

“அடியே, தலைவரு வாறாரு. வாய மூடுங்கடி.”

எல்லாக் கையும் நின்றது. சிரிப்பும் நின்றது. துரை வந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் நிற்காது. நடுவில் அழகம்மா. முகம் தெளிவாக இருந்தது.

“வாங்கண்ணே. என்னா இந்த மேட்டுல? முழங்கால் சரியாப் போச்சா?”

கல்வி உதவி கிடைக்காததைச் சொன்னேன்.

“அது கெடக்குதுண்ணே. புள்ளைக்கு இந்த மாசம் அனுப்பியாச்சு.”

“எப்புடி அழகம்மா? அரைப் பேர்ல…”

“யாருண்ணே அரைப் பேரு?” என்றாள். “ரெண்டு மாசமா எனக்கு முழுப் பேர்தான்.”

“தோள் சரியாயிருச்சா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, சிரிப்பை முக்காட்டால் அடைத்துக்கொண்டாள்.

“தோளு அப்புடியேதான் இருக்குண்ணே” என்றாள் அழகம்மா.

கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. எப்படி? யார் யோசனை? அந்த நாற்காலிக்காரரை என்ன செய்தீர்கள்? கை தானாகச் சட்டைப் பையிலிருந்த கொப்பிக்குப் போனது. அழகம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். இந்த முறை மிதிக்க வேண்டியிருக்கவில்லை.

கையை எடுத்துக்கொண்டேன். “கீழ பஸ்ஸு வருதான்னு பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டிப் பாதைப் பக்கம் திரும்பி நின்றேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அது அவர்களுக்கும் தெரியும். அப்புறம் பின்னால் பேச்சுத் தொடங்கியது, சிரிப்பும் தொடங்கியது. பனி ஏறி வந்து பாதையை மறைக்கும்வரை அப்படியே நின்றேன்.

மகள் படிப்பை முடித்து இப்போது படிப்பிக்கிறாள். அழகம்மாவும் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். மொட்டைமலையில் இப்போது மின்தராசு. பச்சை எழுத்தில் கிலோ தெரியும், சீட்டும் தானாக அடித்து வரும், யாரும் ஏமாற்ற முடியாது என்கிறார்கள். அங்கே இப்போதும் தோள் போனவர்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கு எத்தனை அரைப் பேர் விழுகிறது என்று நான் விசாரிக்கவில்லை.

ஹட்டன் பிள்ளை நேற்றும் பேசியது. கடைசிப் பகுதி விளங்கவில்லையாம். அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டது.

எனக்குத் தெரியாதம்மா. நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.